ரங்கூன் சந்தை உல்லம்: ஆற்று மீன் எது, சினை மீன் வாங்கலாமா, முள்ளை என்ன செய்வது

மோல்மீனிலிருந்து ரங்கூனுக்குக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: சந்தையில் 'ஙாதலௌக்' என்று விற்பதும் வீட்டுப் பெரியவர்கள் 'உல்லம்' என்று சொல்வதும் ஒரே மீனா? ஆற்று மீன் என்று வீசைக்குக் கூடுதலாகக் கேட்கிறார்களே, அதை எப்படிச் சரிபார்ப்பது? சினையோடு வாங்கலாமா? இவ்வளவு முள்ளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏன் யாரும் இதைக் குளத்தில் வளர்த்து மலிவாக விற்பதில்லை?

ஒரே மீன்தான். தமிழில் உல்லம், சிலர் எழுத்தில் உள்ளம். வங்காளிகளுக்கு இலிஷ், கோதாவரிக் கரையில் ஆறு ஏறியதும் புலசா, சிந்து நதிக்கரையில் பல்லா. பர்மியரின் ஙாதலௌக்கில் 'ஙா' என்பது மீன். தமிழில் சொல்லுக்கு முன்னால் வர வழியில்லாமல் நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் ங இந்த ஊரில் மீன்கடைக்குப் போனால் ஓயாமல் உழைக்கிறது. அறிவியல் பெயர் தெனுவலோசா இலிஷா. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதும்போது இதை முதலில் விவரித்தவர் பிரான்சிஸ் ஹாமில்டன். பிரான்சிஸ் புக்கானன் என்ற பெயரில் 1795இல் மைக்கேல் சைம்ஸின் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு மருத்துவராகப் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்கு வந்தாரே, அவரேதான். ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'இலிஷா' என்றே பேரினப் பெயர் கொண்ட வேறு மீன்கள் உண்டு. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், உடம்பு தட்டையாக இருக்கும். அவை உல்லம் அல்ல.

உல்லத்தோடு கலந்து வரும் நெருங்கிய சொந்தக்காரர்கள் இரண்டு. மேல் தாடையின் நடுவில் ஒரு வெட்டு, விரல் நகம் உட்காரும் அளவுக்கு, மூன்றுக்கும் இருக்கும். மூன்றின் அடிவயிற்றிலும் பனைமட்டைக் கருக்கு போலச் செதில்கள் கூர்மையாக வரிசை கட்டியிருக்கும். உல்லத்தில் இவை 30 முதல் 33 வரை. ஆகவே வயிற்றைத் தடவிப் பார்த்து முடிவு கட்ட முடியாது. செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவந்த செவுளுக்கு உள்பக்கம், முதல் வளைவில், சீப்புப் பல் மாதிரி வெளிறிய முட்கள் நிற்கும். உல்லத்தில் அவை பேன்சீப்பைவிட நெருக்கம். வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் 100 முதல் 250 வரை இருப்பதால் கண்ணால் எண்ண முடியாது. தோலி என்னும் தெனுவலோசா தோலியில் 60 முதல் 100 வரைதான், முள் சற்றுத் தடிமன், வால் மடல்களும் நீளம். மூன்றாவது, கெலீ என்னும் ஹில்ஸா கெலீ. தலையுச்சியில் தோலுக்கு மேலேயே மெல்லிய வரிக்கோடுகள் தெரியும், உள் செவுள் வளைவுகளின் முட்கள் வெளிப்பக்கம் சுருண்டிருக்கும். தோலியும் கெலீயும் கெட்ட மீன்கள் அல்ல. ஆனால் உல்லத்தின் விலைக்கு அவற்றை வாங்க வேண்டியதில்லை. தோலியிடம் ஒரு வேடிக்கை உண்டு: ஆணாக வளர்ந்து, பருவமடைந்து, பிறகு பெண்ணாக மாறிச் சினைவிடும். ஆகவே பெரிய தோலியெல்லாம் பெண்கள்.

இனி மீனின் வாழ்க்கை. விலை, ருசி, முள் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு விடை இதில்தான் இருக்கிறது.

உல்லம் கடலில் வளர்ந்து ஆற்றில் சினைவிடும் மீன். பாரசீக வளைகுடாவிலிருந்து வங்கக் கடல் வரை பரவியிருக்கிறது. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளிலும் ஏறும். ஆனால் கூட்டம் கூட்டமாகக் கிடைப்பது கங்கை, பத்மா, மேக்னா முகத்துவாரங்களிலும் இங்கே ஐராவதியிலும்தான். ஐராவதியில் மாண்டலே வரை ஏறுவது பதிவாகியிருக்கிறது. மழை வெள்ளம் ஆற்றை நிரப்பி, சேறு கலந்த நன்னீர் கடலுக்குள் வெகுதூரம் தள்ளும்போது கூட்டம் கழிமுகத்துக்கு வந்து சேரும். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் அலை உயரத்தோடு உள்ளே நுழையும். அதனால்தான் வலைக்காரர்கள் நாட்காட்டியைவிட நிலவைப் பார்க்கிறார்கள். ஒரு நாளில் 70 கிலோமீட்டர் வரை நீந்தக்கூடிய மீன் இது. ஆனாலும் கழிமுகத்தில் நின்று நின்றுதான் போகும். காரணம் உப்பு. கடலில் இருக்கும்வரை உடம்பின் நீர் வெளியே போய்க்கொண்டிருக்கும், மீன் கடல்நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியாகத் தள்ளும். ஆற்றில் எல்லாம் தலைகீழ்: நீர் உடம்புக்குள் ஏறும், செவுள் உப்பைப் பிடித்து வைக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு உவர்நீரில் சிறிது பொழுது வேண்டும்.

ஒரு பெண் மீன் அதன் பருமனைப் பொறுத்து ஒரு லட்சத்திலிருந்து இருபது லட்சம் முட்டை வரை இடும். முட்டை கடுகைவிடச் சிறிது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நீரில் ஊறிப் பருக்கும். ஓடும் நன்னீரில் புரண்டுகொண்டே ஏறத்தாழ ஒரே நாளில் பொரித்துவிடும். குஞ்சு பிறக்கும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். ஐந்தாறு மாதம் ஆற்றிலும் கழிமுகத்திலும் மேய்ந்து, பிறகு கடலுக்கு இறங்கும். ஓரிரு ஆண்டில் பருவமடைந்து திரும்பி ஏறும். பசிபிக் சால்மன் போல முட்டையிட்டதும் சாகாது. கடலுக்குத் திரும்பி, அடுத்த பருவத்துக்கு மறுபடி வரும். எல்லா உல்லமும் இந்த ஒழுங்கில் இருப்பதுமில்லை. ஆற்றை விட்டு இறங்காத கூட்டங்களும் உண்டு, கடலை விட்டு ஏறாதவையும் உண்டு.

உணவு மிதவை நுண்ணுயிர்கள்: டயாட்டம் பாசிகள், பச்சைப்பாசி, நீர்த்தெள்ளுப் பூச்சிகள், கொஞ்சம் சேறும் மணலும். அந்தப் பேன்சீப்புச் செவுள் இதை வடிகட்டத்தான். அதனால் தூண்டிலில் உல்லம் பிடித்ததாக யாராவது சொன்னால் இரண்டாவது முறை கேளுங்கள்.

இங்கிருந்து ருசிக்கு வரலாம். ஆற்றில் எதிர்நீச்சல் போடும் மீன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்துத்தான் ஏறுகிறது, அதே கொழுப்பிலிருந்துதான் சினையும் முற்றுகிறது. எனவே கொழுப்பு உச்சத்தில் இருப்பது கழிமுகத்துக்குள் நுழையும்போதும், ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதல் சில நாட்களிலும். உப்புச்சுவை குறைந்திருக்கும், கொழுப்பு சதைக்குள்ளே ஊறியிருக்கும், சினை இன்னும் மெலிந்திருக்கும். ஐராவதிக் கழிமுக ஊர்களான பியாப்போன், போகலே, லபுட்டா பக்கம் பிடித்த மீனுக்கு மவுசு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான். மேலே போகப் போக மீன் வற்றும். 'மாண்டலே வரை ஏறிய மீன்' என்று யாராவது பெருமையாகக் கூடுதல் விலை சொன்னால், அது நீண்ட நடைப்பயணம் முடித்து வந்தவரிடம் தொந்தி தேடுவது மாதிரி.

சினை மீன் வாங்கலாமா என்றால், சினைக்காக வேண்டுமானால் வாங்குங்கள், சதைக்காக வேண்டாம். முற்றிய சினை இருந்தால் வயிறு இறுகிப் புடைத்திருக்கும், அழுத்தினால் விரலுக்குப் பருக்கை பருக்கையாகத் தட்டுப்படும். அந்தக் கனமெல்லாம் நீங்கள் மீன் விலை கொடுத்து வாங்கும் முட்டை, அதற்குப் போன கொழுப்பு சதையில் இருக்காது. இதைவிட மோசமானது சினைவிட்டு முடித்த மீன்: தலை பெரிதாகத் தெரியும், வயிறு தொங்கலாகச் சுருங்கியிருக்கும், முதுகு கத்தி மாதிரி கூர்ந்திருக்கும், வெட்டினால் சதை வெளிறி ஈரமாக இருக்கும். எந்தக் குழம்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

ஆற்று மீனா கடல் மீனா என்பதைச் சந்தைக்காரர்கள் உருவத்தைப் பார்த்துச் சொல்வார்கள். ஆற்று மீன் குட்டை, நடு உடம்பு அகலம், தலை சிறிதாகத் தெரியும், வெள்ளியில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். கடல் மீன் நீண்டு மெலிந்து, முதுகு நீலம் பாய்ந்து, மங்கலாக இருக்கும். இது பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. பனிக்கட்டியில் மூன்று நாள் கிடந்த ஆற்று மீனும் மங்கும், நல்ல கொழுப்போடு கழிமுகத்தை நெருங்கிய கடல் மீனும் அகன்றிருக்கும். கையில் எடுத்து முதுகுத் துடுப்புக்கு முன்னால் இருக்கும் தடிமனைப் பாருங்கள். அங்கே உருண்டையாக இருந்தால், எங்கே பிடித்தது என்ற வாதம் தேவையில்லை, வாங்கலாம்.

புத்தம்புது உல்லம் என்பதற்கு அடையாளம் செதில். இதன் செதில் லேசாகத் தொட்டாலே உதிரும். உடம்பு முழுக்கச் செதில் ஒட்டிய மீன் கிடைத்தால் அது அதிகக் கை மாறாமல் வந்தது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாக அல்ல. வாலைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் வளையாமல் விறைத்து நிற்க வேண்டும். கொழுப்பு மீன் என்பதால் கெடும் வேகம் அதிகம், காற்றுப்பட்ட கொழுப்பு சிக்கடித்துவிடும். இந்த வெயிலில் மீன் எடைக்கு எடை பனிக்கட்டி வேண்டும். சாந்பியா சந்தையில் விடியற்காலை வாங்கி வெறும் பையில் கட்டி இரண்டு மணி நேரம் பேருந்தில் கொண்டுபோனால், காசு பாதி வீண். வீட்டு உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உறைந்தாலும் சிக்கு வாடை ஏறிக்கொண்டேதான் இருக்கும். கழுவுவதை முழு மீனாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். துண்டு போட்ட பிறகு தேய்த்துத் தேய்த்துக் கழுவினால், விலை கொடுத்து வாங்கிய எண்ணெய்ப்பசைதான் தண்ணீரோடு போகும்.

முள். உல்லத்தில் முதுகெலும்பும் விலா முள்ளும் தவிர, சதைக்கு நடுவே எதிலும் ஒட்டாமல் கிடக்கும் மயிரிழை முட்கள் உண்டு. பல முட்கள் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி கவைத்திருக்கும். சதை மடிப்புகளுக்கு இடையே உள்ள நார்த்தட்டுகள் எலும்பாக மாறி வருவதால், முதுகெலும்பை உருவினாலும் இவை கூட வராது. வாலை நெருங்க நெருங்க நெருக்கம் கூடும், வயிற்றுப் பக்கம் குறைவு. அதனால்தான் பழகியவர்கள் வயிற்றுத் துண்டைக் குழந்தைக்கும் விருந்தாளிக்கும் ஒதுக்கிவிட்டு வாலைத் தாங்கள் எடுத்துக்கொள்வார்கள். வறுப்பதானால் துண்டின் இருபுறமும் நெல்மணி அகலத்துக்கு ஒரு கீறல் என்று முதுகெலும்பு வரை கூர்மையான கத்தியால் கீறுங்கள். நீள முள் துண்டு துண்டாகி, எண்ணெயில் மொறுமொறுத்துவிடும். கீறல் தள்ளித் தள்ளி இருந்தால் பலனில்லை. புளிக்குழம்புக்குக் கீறக் கூடாது, சதை கரைந்து முள் மட்டும் குழம்பில் மிதக்கும். தொண்டையில் முள் மாட்டிக்கொண்டால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அது சில சமயம் முள்ளை ஆழமாகக் குத்திவிடும். இருமியும் வராவிட்டால் மருத்துவரிடம் போவதுதான் சரி.

முள்ளோடு சண்டையே வேண்டாம் என்றால் பர்மியர் வழி இருக்கிறது: ஙாதலௌக் பௌங். காடியின் (வினிகர்) புளிப்பு முள்ளிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது, நீண்ட இளஞ்சூடு முள்ளின் நார்ப்பொருளைக் கூழாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முள் கரையும். ஒரு வீசை, அதாவது ஏறக்குறைய 1.6 கிலோ மீனுக்கு (வீசை நம் சொல்தான், ஆனால் பழைய சென்னை வீசை 1.4 கிலோ, பர்மா வீசை அதைவிடக் கனம்) சாதாரண காடி 200 மில்லி, தக்காளி அரைக் கிலோ, வெங்காயம் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட, பூண்டு பத்துப் பல், இரண்டு விரல் இஞ்சி, எலுமிச்சைப்புல் ஆறு தண்டு, மீன் சாறு (கடையில் விற்கும் உப்பு மீன் சாஸ்) இரண்டு கரண்டி, மஞ்சள், மிளகாய்த்தூள், எண்ணெய் 150 மில்லி. மீனை ஓரங்குலத் துண்டாக்கி, காடியிலும் மஞ்சளிலும் ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். நசுக்கிய எலுமிச்சைப்புல்லைச் சட்டியின் அடியில் பாய் மாதிரி பரப்பி, அதன்மேல் பாதித் தக்காளியும் வெங்காயமும், பிறகு மீன், பிறகு மிச்சம். ஊறிய காடியையும் ஊற்றி, மீன் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மூடி, ஓரத்தில் குமிழி மட்டும் வரும் தணலில் ஐந்தாறு மணி நேரம். அழுத்தச் சமையற்பாத்திரமானால் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் ஒரு மணி நேரம், ஆவி தானாக அடங்கும்வரை திறக்காமல்.

இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. கொதிக்க விட்டால் முள் இளகுமுன் சதை சிதறும். கரண்டி போட்டுக் கிளறினாலும் அதே கதி, சட்டியைப் பிடித்து அசைக்கலாம், அவ்வளவுதான். அலுமினியப் பாத்திரத்தில் வைத்தால் காடி உலோகத்தை அரித்துக் குழம்பில் இரும்புக் கசப்பு மாதிரி ஒன்று இறங்கும். மண்சட்டி, எனாமல், துருப்பிடிக்காத எஃகு மூன்றில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெந்ததா என்று சதையைப் பார்க்காதீர்கள். ஒரு முதுகெலும்புக் கண்ணியை எடுத்து இரு விரலில் அழுத்துங்கள். அவித்த கடலை மாதிரி மசிந்தால் இறக்கலாம்.

குளத்தில் வளர்ப்பது ஏன் முடியவில்லை என்றால், முதல் தடை இந்த மீனின் பதற்றம். வலையில் இருந்து எடுத்த சில நிமிடத்திலேயே செத்துவிடும். செதில் உதிர்ந்த இடமெல்லாம் புண், தொட்டியில் இட்டால் சுவரில் மோதும். உயிரோடு தாய் மீன் இல்லாமல் குஞ்சுப் பண்ணை இல்லை. பிடித்த இடத்திலேயே, படகிலேயே, சினையையும் ஆண் மீனின் பாலையும் பிழிந்து கலந்து குஞ்சு பொரிக்கவைக்கலாம். தமிழ்நாட்டில் கொள்ளிடத்தின் கீழணையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த முயற்சி நடந்தது. பொரித்த குஞ்சுக்கு அந்த அளவில் மிதவை உணவு தொடர்ந்து வேண்டும், குளத்தில் விட்டால் வளர்ச்சி மந்தம். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் சோதனைகள் தொடர்கின்றன. சந்தைக்கு வரும் வளர்ப்பு உல்லம் என்று ஒன்று இன்னும் கிடையாது. யாராவது அப்படி விற்றால் அது வேறு மீன்.

கீழணை என்றதும் காவிரி நினைவு வருகிறது. ஒரு காலத்தில் உல்லம் காவிரியிலும் ஏறியது. அணைக்கட்டுகள் வழியை மறித்தன, 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளமும் அடங்கியது. கங்கையில் 1975இல் பராக்கா தடுப்பணை, சிந்துவில் 1955இல் கோத்ரி தடுப்பணை செய்ததும் இதே வேலை. அவற்றுக்கு மேலே உல்லம் அரிதாகிவிட்டது. ஐராவதியின் மூல ஓட்டத்தில் மாண்டலேக்குக் கீழே இன்றுவரை குறுக்கே அணை இல்லை. மேலே மைட்சோன் அணைத் திட்டம் 2011இல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆக இந்த ஊரில் மீனுக்கு வழி திறந்தே இருக்கிறது. மீன் குறைவதற்குக் காரணத்தை வலையில்தான் தேட வேண்டும்.

செவுள் வலை கண் அளவுக்குத் தக்க மீனைத்தான் பிடிக்கும். தலை நுழைந்து, செவுளில் மாட்டி, பின்னால் வர முடியாமல் நிற்கும். கண் சிறிதாகச் சிறிதாக, முதல் சினைகூட விடாத மீன் மாட்டும். அதைவிடக் கொடியது கழிமுக நீரோட்டத்தில் கம்பு நட்டு வாயைத் திறந்து வைக்கும் பை வலை. புலிவாய் வலை என்பார்கள். அதன் நுனி கொசுவலை மாதிரி, கடலுக்கு இறங்கும் குஞ்சுகள் கூனியோடும் பொடிமீனோடும் சேர்ந்து அள்ளப்படும், நாப்பி என்னும் மீன் விழுதுக்கும் கருவாட்டுக்கும் போகும். இந்த நாட்டின் 1991ஆம் ஆண்டு நன்னீர் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் மழைத் தொடக்கத்தை ஒட்டி விடப்படும் தடைக்காலம் கெண்டை, விரால் போன்ற உள்நாட்டு மீன்களுக்கு நன்றாகப் பொருந்தும். உல்லத்தின் பெருஞ்சினை அதற்குப் பின்னால்தான் என்பதால் அதற்குப் பயன் கொஞ்சம். வங்கதேசத்தில் அக்டோபரை ஒட்டி 22 நாள் முழுத் தடை, 25 செண்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுக்கு நவம்பர் முதல் ஜூன் வரை தடை என்று உல்லத்துக்கென்றே விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வலைக்காரர் குடும்பத்துக்கு அரசு அரிசி தருகிறது. அரிசி இல்லாமல் தடை மட்டும் போட்டால் வலை இரவில் இறங்கும்.

சந்தையில் அந்தக் குஞ்சை அடையாளம் காண்பது கடினமல்ல. உள்ளங்கை நீளத்துக்கு வெள்ளி மீன் குவியல் கிடக்கும். ஒன்றை எடுத்தால் செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து வால் வரை மங்கலான சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெரிய உல்லத்தில் இவை மறைந்துவிடும். அடுத்து தலையுச்சியைத் தடவிப் பாருங்கள். வரிக்கோடுகள் தட்டுப்பட்டால் அது கெலீ, தாராளமாக வாங்கி வறுக்கலாம். வழவழவென்று இருந்து, செவுள் சீப்பும் எண்ண முடியாத நெருக்கமாக இருந்தால், சில ஆண்டு கழித்து ஒரு வீசையைத் தொட்டிருக்க வேண்டிய உல்லம் அது.